விரோதியை நண்பராக அழைத்துப் போனது

உங்களில் யாருக்கெல்லாம் கவிதை எழுதும் பழக்கம் உண்டு என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வெட்கப்பட வேண்டாம். கவிதை ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஆனால் உங்கள் குழுவில் போஸ்டர் எழுதும் வேலையை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், உட்காருங்கள்.

நான் செஞ்சி கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்டுக் காலம் தள்ளியவன். ஊரில் எனக்குப் பெயர் ‘வக்கீல் பாய்’. எண்பதுகளின் நடுவில் காந்தி பஜாரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் எங்கள் மனித உரிமைக் குழு கூடும். விசாரணையே இல்லாமல் ஆளைப் பிடித்து உள்ளே வைக்கும் சட்டத்தை எதிர்ப்பதுதான் எங்கள் வேலை. உலகத்தில் எங்கெங்கோ நடக்கும் கைதுகளைக் கண்டித்துத் தீர்மானம் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். கீழே சைக்கிளுக்குக் காற்றடிப்பார்கள், மேலே நாங்கள் தீர்மானம் நிறைவேற்றுவோம். இரண்டில் எது ஊருக்கு அதிகம் பயன்பட்டது என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம். அந்த நிம்மதியில்தான் சிங்கவரத்து ஏழுமலை வந்து விழுந்தார்.

ஏழுமலை மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ரெக்கார்டு போடுவார். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்கு அறிவிப்புச் சொல்வதும் அவர்தான். பிள்ளையைத் தொலைத்தவர்கள், பர்ஸைத் தொலைத்தவர்கள், மாமியாரைத் தொலைத்துவிட்டு அவசரப்படாமல் வந்து சொல்பவர்கள் எல்லோருக்கும் அவர் குரல்தான் கதி. நல்ல கனமான குரல். அந்தக் குரலைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை குரலைவிடக் கனம்.

ஓர் அமாவாசைக்கு மறுநாள் காலை, கூட்டம் ஊர் திரும்பும் நேரம். ஸ்பெஷல் பஸ்களில் டிக்கெட்டுக்கு மேல் காசு பிடுங்கினார்கள். யாரோ ஒரு அம்மாள் வந்து ஏழுமலையிடம் அழுதிருக்கிறாள். தொலைந்த பிள்ளைக்கு அறிவிப்புச் சொல்வது போலவே இவரும் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டார்.

“ஸ்பெஷல் பஸ்ல டிக்கெட்டுக்கு மேல காசு கேக்கறாங்களாம். யாரும் குடுக்காதீங்க. கேட்டா எறங்கிடுங்க. மறுபடி சொல்றேன், எறங்கிடுங்க.”

இறங்கிவிட்டார்கள். வரிசையாக நின்ற பஸ்களிலிருந்து மூட்டையும் முடிச்சுமாக ஜனம் இறங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டது. மத்தியானம் வரை ஒரு பஸ் கூட நகரவில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு கல் ஒரு கண்ணாடியை உடைத்தது. பஸ் முதலாளிக்குப் பெரிய இடத்தில் சம்பந்தம். அடுத்த வாரமே ஏழுமலை தடுப்புக் காவலில் சிறைக்குப் போனார். ஒரு வருஷம் வரை வைக்கலாம். வழக்கு கிடையாது, சாட்சி கிடையாது, வாய்தா கூடக் கிடையாது. வாய்தா இல்லாத நீதியை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, அதை மட்டும் மனதில் வையுங்கள். ஓர் ஆள் கல்லெறிந்தால் அது சாதாரண வழக்கு, கோர்ட்டுக்குப் போகலாம். அந்த ஆள் வாயைத் திறந்தால் ஊரே எறியும் என்றால்தான் தடுப்புக் காவல். ஆகவே ஏழுமலை பெரிய ஆளா, சின்ன ஆளா என்பதுதான் ஒரே கேள்வி. பெரிய ஆள் என்றால் உள்ளே, சின்ன ஆள் என்றால் வெளியே.

இப்போது கவிஞர் வருகிறார். எங்கள் குழுவில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்த ஒருவர் இருந்தார், நல்ல மனிதர், ஆனால் கவிஞர். விஷயம் கேட்ட அன்றைக்கே உட்கார்ந்து போஸ்டர் வாசகம் எழுதினார்.

‘ஏழுமலையின் ஒரு சொல்லுக்கு எழுந்தது மலையனூர்! மறுசொல் சொன்னால் மாநிலம் எழும்! கோட்டை ஆண்ட வேந்தனின் வாரிசைக் கூண்டில் அடைக்காதே!’

செஞ்சிக் கோட்டையை ஆண்ட அந்த வேந்தன் சண்டையில் தோற்றுச் செத்துப்போனவர் என்பதைக் கவிஞர் பொருட்படுத்தவில்லை. மாடியில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினோம். இரண்டு கலரில் அடித்து பஸ் ஸ்டாண்டிலிருந்து கமிட்டி வரைக்கும் ஒட்டினோம். கமிட்டி என்றால் மணிலா, அதாவது நிலக்கடலை, ஏலம் போடும் விற்பனைக் கூடம், எந்நேரமும் கூட்டம் இருக்கும் இடம். கண்டனக் குரல் ஓங்கி ஒலித்ததில் எங்களுக்கு ரொம்பத் திருப்தி.

மறுநாள் ஸ்டேஷன் ஏட்டு என் ஆபீஸுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பணிவாக நின்றார்.

“பாய், அந்த போஸ்டர்ல நாலு காப்பி குடுங்களேன்.”

“எதுக்கு?”

“செவுத்துலேந்து உரிச்சா பசை ஒட்டிக்கினு கிழிஞ்சிபோவுது. மெட்ராசுக்கு அனுப்பணுமாம், ஃபைல்ல வைக்க. ஐயா சொல்றாரு, நாம தலகீழா நின்னாலும் இம்மாம் நல்லா எழுத முடியாதாம்.”

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். நாங்கள் ஊதியது மட்டுமில்லை, சங்கை அச்சடித்தே கொடுத்திருந்தோம். ஏழுமலை ஒரு வார்த்தையில் ஊரைக் கிளப்பிவிடுவார் என்று சொல்லப் போலீஸ் எத்தனை பாடுபட வேண்டியிருந்திருக்கும்! அந்தப் பாட்டை மனித உரிமைக் குழு இலவசமாகப் பட்டுக் கொடுத்தது. ஏட்டுக்கு நான் காப்பி கொடுக்கவில்லை. அவர் போகும்போது சைக்கிள் கடைக்காரனிடம் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

நான் மெட்ராஸுக்கு ஓடினேன். அங்கே எங்களுக்கெல்லாம் வழிகாட்டிய மூத்த வக்கீல் ஒருவர் இருந்தார். போஸ்டரை ஒரு தரம் படித்தார், மடித்தார், டீ கிளாசுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“ஹைகோர்ட்ல மனு போட்டா, அது விசாரணைக்கு வர்றதுக்குள்ள உங்க ஆளுக்கு ஒரு வருஷமே முடிஞ்சிடும்,” என்றார். “அதுக்கு முன்னாடி மூணு பேர் ஆலோசனைக் குழு அவனைக் கூப்பிட்டு விசாரிக்கும். அங்க வக்கீலுக்கு இடமில்ல. கூட ஒரு நண்பர் வரலாம், அவரும் வக்கீலா இருக்கக் கூடாது. நல்ல நண்பராப் பாரு. கவிஞர் வேண்டாம்.”

வக்கீல் வராமல் இருந்தால்தான் காரியம் நடக்கும் என்று சட்டமே எழுதி வைத்திருப்பதைப் பார்த்து நீங்கள் கோபப்படலாம். என் கட்சிக்காரர்கள் பலர் அதை அந்தச் சட்டத்தின் ஒரே நல்ல பகுதி என்றார்கள்.

சிறையில் ஏழுமலையைப் பார்த்தேன். இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் ஒரு களை. போஸ்டர் சங்கதி உள்ளே போய்விட்டிருக்கிறது.

“எத்தன கலரு பாய்?”

“ரெண்டு.”

“எம் பேரு எந்தக் கலர்ல?”

“செகப்பு. அத வுடு ஏழுமல. அந்தக் குழுவுக்கு முன்னாடி நீ சாதாரண ஆளா இருக்கணும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நான் சொல்லித்தான் ஊரு எறங்குச்சின்னு மட்டும் வாயத் தொறக்காத.”

அந்தக் களை அப்படியே இறங்கிப்போயிற்று. “நான் சொல்லித்தான பாய் எறங்குனாங்க?” என்றார். மனிதனுக்கு ஒரு வருஷம் பெரிதா, ஒரு பெருமை பெரிதா என்று வெளியே நிற்பவன் சொல்லிவிடலாம். உள்ளே இருப்பவனுக்கு அந்தப் பெருமை ஒன்றுதான் கையில் இருந்தது. எனக்கு மனசு சங்கடமாகத்தான் இருந்தது.

இனி நண்பர். மாடியில் கூட்டம் போட்டோம். கவிஞர் எழுந்து, “ஏழுமலையின் உயிர் நண்பன் நானே” என்றார். ஏழுமலையோடு அவர் ஒரு நாளும் பேசியதில்லை. உட்கார வைத்தோம். ஏழுமலையின் மனைவி அஞ்சலையைக் கேட்டோம். ஆலோசனைக் குழுவுக்கு முன்னால் வந்து, இவர் பேச்சை ஊரில் யாரும் கேட்பதில்லை என்று சொன்னால் போதும் என்றோம். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஊர்ல எவன் கேக்குலன்னாலும் நான் கேக்கறேனே பாய். கேக்கறவளே போயி யாரும் கேக்கலன்னா அது நல்லாவா இருக்குது?”

அதற்கு மேல் அவளிடம் வாதாட எனக்குச் சட்டம் தெரியாது. உறவுக்காரர்களைக் கேட்டால் ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு அறுவடை. விசாரணைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அன்பு இருந்தவர்கள் எல்லாம் ஏழுமலையைப் பெரிய ஆளாகத்தான் பார்த்தார்கள். அவரைச் சின்ன ஆளாகப் பார்ப்பவர் இந்த ஊரில் யார் என்று யோசித்துக்கொண்டே பஜாரில் நடந்தேன். எதிரே கோவிந்தசாமியின் கடை.

கோவிந்தசாமியும் மைக் செட்காரர். ஏழுமலையின் தொழில் எதிரி. ஏழுமலை மேல் ஸ்டேஷனில் இருந்த ஒரே பழைய கேஸ் ஒரு கல்யாண ஆர்டருக்காக இருவரும் கட்டிப் புரண்ட கேஸ்தான். அதில் புகார் கொடுத்தவர் கோவிந்தசாமி. அந்தக் கேஸையும் தடுப்புக் காவல் உத்தரவில் சேர்த்திருந்தார்கள். எதிரி உள்ளே போனதில் அவர் சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் படியேறினேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அவன் உள்ள போனா எனுக்கு ரெட்ட ஆர்டர் வரும்னு நெனச்சேன் பாய். இப்ப இன்னான்னா, எவன் குழா கட்னாலும் ஸ்டேஷன்ல அனுமதி எழுதி வாங்கினு வான்னு சொல்றான். ஜனம் டென்ஷன் ஆயி, மோளமே போதும்னு வுட்டுட்டாங்க. இருந்த ஆர்டரும் பூட்சி.”

“ஏழுமல பேசுனா ஜனம் கேக்குமா?” என்று கேட்டேன்.

“எவன், அவனா?” கோவிந்தசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த அரைமணி நேரம் அவர் சொன்னதை அப்படியே இங்கே சொன்னால் இந்தக் கூட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது தேனாகக் காதில் பாய்ந்தது.

“நீ அவனுக்கு நண்பரா மெட்ராசுக்கு வரணும்,” என்றேன்.

“நான் அவனுக்கு நண்பரா? பாய், உனுக்கு இன்னா ஆச்சி?”

நண்பர் என்றால் அன்பாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை என்று விளக்கினேன். இப்போது சொன்னதில் கெட்ட வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே சொன்னால் போதும் என்றேன். ஏழுமலையைப் பற்றி மூன்று பெரிய மனிதர்களுக்கு முன்னால் மட்டமாகப் பேசலாம், பஸ் செலவும் எங்களுடையது என்றதும் அவர் முகம் மலர்ந்தது. மாடியில் விஷயத்தைச் சொன்னபோது கவிஞர் ராஜினாமா செய்வதாகச் சொன்னார். ஏற்றுக்கொண்டோம். மறுநாள் திரும்பி வந்துவிட்டார்.

விசாரணை நாளில் நான் வராந்தாவில் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தாலும் வக்கீல் வக்கீல்தான் என்று சேவகன் விடவில்லை. ஆகவே உள்ளே நடந்ததை ஏழுமலையும் கோவிந்தசாமியும் தனித்தனியாகச் சொன்னதிலிருந்து ஒட்டிச் சொல்கிறேன். மற்ற எல்லா விஷயத்திலும் அவர்கள் முரண்பட்டார்கள், இதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. முதலில் எங்கள் போஸ்டரைச் சத்தமாக வாசித்திருக்கிறார். பிறகு, “இதை எழுதியது யார்?” என்று கேட்டார்.

கோவிந்தசாமி கை கட்டிக்கொண்டு சொன்னார். “அவரு பேங்க்ல வேல செய்யறவருங்கய்யா. எம் மச்சான் கல்யாணத்துக்கும் அவர்தான் வாழ்த்து எழுதுனாரு. மாப்ளய சூரியன்னு போட்டாரு. அவன் டீக்கட வெச்சிருக்கான்.”

மூன்று பேரில் ஒருவர் இருமினார். சிரிப்பை அடக்கும் இருமல் என்று கோவிந்தசாமி சொன்னார்.

“நீங்கள் இவருக்கு நண்பரா? பழைய கேஸில் புகார் கொடுத்ததும் இதே பெயராக இருக்கிறதே?”

“அதே ஆளுதாங்க. சட்டப்படி நண்பருங்கய்யா. ஆனா உள்ளத சொல்றேன். இவன் பேச்ச எவனும் கேக்க மாட்டான். பந்திக்கு வாங்கன்னு இவன் மைக்ல கூப்ட்டா, எல பறந்து போனப்பறம்தான் ஆளு வரும்.”

இவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருந்த ஏழுமலை இங்கே துள்ளிவிட்டார். “பொய்யிங்கய்யா! நான் கூப்ட்டா ஆயிரம் பேரு வருவாங்க!”

வராந்தாவில் இருந்த எனக்கே அது கேட்டது. சொன்னேனே, கனமான குரல். ஒரு வருஷம் போயிற்று என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே கோவிந்தசாமி விடவில்லை. “வருவாங்க, பொண்ணு மாப்ளய பாக்க வருவாங்க. உன்னியப் பாக்கவா வர்றாங்க? உங்குழா கரகரன்னு கத்தறத கேட்டு மாடு மெரளுது!” “ஏன்டா, உன் ஆம்ப்ளிஃபயரு பாதி கல்யாணத்துல பொகஞ்சிதுல்ல?” என்று ஏழுமலை கேட்க, மாநில அமைதிக்கு ஆபத்தான அந்த மனிதரும் அவருடைய சட்டப்படியான நண்பரும் மூன்று நீதிமான்களுக்கு முன்னால் யாருடைய குழாய் உசத்தி என்று சண்டை போட்டிருக்கிறார்கள். தலைவர் மேஜையைத் தட்டி நிறுத்தினார்.

“அப்படியானால் அன்றைக்கு ஜனங்கள் ஏன் இறங்கினார்கள்?”

“கூட காசு கேட்டா எறங்க மாட்டாங்களாய்யா?” என்றார் கோவிந்தசாமி.

தலைவர் ஏழுமலை பக்கம் திரும்பினார். “நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதால் இறங்கினார்களா, காசு அதிகம் கேட்டதால் இறங்கினார்களா?”

இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் கோவிந்தசாமிக்குக் கேலி வரவில்லை. ஏழுமலை மேஜை மேல் இருந்த போஸ்டரைப் பார்த்தாராம். அப்புறம் மெதுவாக, “காசுக்குத்தாங்கய்யா எறங்குனாங்க. எம் பேச்ச யாரு கேக்கறா,” என்றாராம்.

“அவன் அத சொல்லச் சொல்ல எனுக்கே ஒரு மாதிரியா பூட்சி பாய்,” என்றார் கோவிந்தசாமி. “நான் ஆயிரம் சொல்லுவேன். அவன் சொல்லிருக்கக் கூடாது.”

காவலில் வைக்கப் போதுமான காரணம் இல்லை என்று ஆலோசனைக் குழு சொன்னது. ஏழுமலை வெளியே வந்தார். சிறை வாசலில் அஞ்சலை அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். மைக்குக்கு ஸ்டேஷன் அனுமதி கேட்பதும் மெல்ல நின்றுபோனது. எதிரிகள் இருவரும் பழையபடி ஆர்டருக்கு அடித்துக்கொண்டார்கள். கவிஞர் வெற்றி விழா போஸ்டர் எழுதி வந்தார். அதை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இன்று வரை திறக்கவில்லை.

இங்கேயே நிறுத்தினால் உங்களுக்கு நல்ல பாடமாக இருக்கும். போஸ்டர் அடிக்கும் முன் அதை முதலில் படிக்கப்போவது யார் என்று யோசியுங்கள். நமக்குத் திருப்தி தருவதும் உள்ளே இருப்பவனுக்கு உதவுவதும் ஒன்றல்ல. நண்பனைத் தேடும்போது விரோதிகள் பட்டியலையும் ஒரு தரம் பாருங்கள். எல்லாம் சரி. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் நான் கோவிந்தசாமியைத்தான் கூட்டிப் போவேன். ஆனால் அதற்குப் பிறகு ஓர் அமாவாசை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதிப் பொய் சொன்னவனாவேன்.

அமாவாசைக்கு மறுநாள் காலை ஒரு வேலையாக மேல்மலையனூர் போயிருந்தேன். கூட்டம் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. ஸ்பெஷல் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டுக்கு மேல் காசு வாங்கிக்கொண்டிருந்தான். இப்போது கூச்சம் கூட இல்லை, கையை நீட்டியே வாங்கினான். ஏழுமலை பந்தலுக்குள் உட்கார்ந்து ஒரு சிவப்புச் சட்டைப் பையன் காணாமல் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“ஏழுமல, பஸ்ல பாத்தியா?”

“பாத்தேன்.”

“ஒரு வார்த்த சொல்லேன்.”

அவர் மைக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். “நீங்க சொல்லுங்க பாய். ஒங்கள புடிச்சா உள்ளாற போயி பேசறதுக்கு ஒங்களுக்கே சட்டம் தெரியும்.”

கிண்டலாகத்தான் சொன்னார் என்று நினைத்தேன். மைக் என் கைக்கு வந்துவிட்டது. எத்தனை கோர்ட்டில் பேசியவன் நான்! தொண்டையைச் செருமிக்கொண்டு, “அன்பார்ந்த பக்தகோடிப் பெருமக்களே, நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் வசூலிப்பது சட்ட விரோதம். உங்கள் உரிமையை நீங்கள் நிலைநாட்ட வேண்டும். தயவுசெய்து பஸ்ஸைவிட்டு இறங்குங்கள்,” என்று விளக்கமாகச் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

ஒரு ஆள் கூட இறங்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு பழத்தை உரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். காசு கொடுக்கிறவர்கள் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பஸ் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயிற்று.

நான் மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். ஏழுமலை போகிற பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த நாளிலிருந்து நான் பார்க்காத அந்தக் களை அவர் முகத்தில் திரும்பி வந்திருந்தது. என் பக்கம் குனிந்து, “அப்ப அன்னைக்கு எம் பேச்சுக்குத்தான் எறங்கியிருக்காங்க பாய்,” என்றார்.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டுதான் அதைச் சொன்னார்.